'எக்ஸ்மஸ்' என்னும் குறுக்கம் : ஓர் எழுத்தின் வரலாறு

1. தோற்றுவாய்

இயேசு பிறப்புப் பெருநாளின் ஆங்கிலப் பெயரை எழுதுவோர் பலர் அதனை முழுமையாக எழுதுவதில்லை. பெயரின் முற்பகுதி முழுவதற்கும் ஈடாக ஒற்றை எழுத்தை இட்டு, 'மஸ்' என்னும் பிற்பகுதியை அதனோடு ஒட்டி எழுதிவிடுகின்றனர். அவ்வொற்றை எழுத்து, சாய்கோடுகள் இரண்டு நடுவில் ஒன்றையொன்று வெட்டி நிற்கும் வடிவினது. ஆங்கில நெடுங்கணக்கில் 24ஆம் எழுத்தாய் நின்று 'எக்ஸ்' எனப் பெயர் பெறுவது. வாழ்த்து மடல்களிலும் கடைவீதி விளம்பரங்களிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் இவ்வழக்கு மிகுதியாக உண்டு. அதனை ஒட்டித் தமிழிலும் 'எக்ஸ்மஸ்' என எழுதுவார் உளர்.

எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் தமக்கு வந்த வாழ்த்து மடலொன்றை எம்மிடம் கொணர்ந்து காட்டினார். அதில் மேற்கூறிய குறுக்கம் அச்சிடப்பெற்றிருந்தது. அதனைக் கண்ட அவர்தம் பாட்டனார், "பிறந்த நாளுக்கு உரியவரின் பெயரையே குறுக்குக்கோடு இட்டு அடித்துவிட்டு, அந்நாளுக்கு வாழ்த்துக் கூறுவது எங்ஙனம்?" எனக் கேட்டு மனம் நொந்தாராம். "அம்மடலை விடுத்த நண்பருக்கு மறுமடல் எழுதவும் வேண்டா என்று சொல்லிவிட்டார், இதற்கு ஐயா விளக்கம் கூறல் வேண்டும்," என்று அம்மாணவர் கேட்டுக்கொண்டார்.

முதியவரின் வருத்தம் பொய்யானதன்று. ஆசிரியர் பிழையை அடிக்கும் குறியும், கணக்கில் அறியப்படாத எண்ணைக் குறிக்கும் எழுத்தும், விலக்கப்பட்டதைச் சுட்டும் அடையாளமும் இவ்வடிவினவே. அங்ஙனமிருக்க, வழிபடும் பெயரின் இடத்தில் அதனைக் கண்டார் வருந்துதல் இயல்பே. ஆயினும், ஒரு குறியின் பொருளைத் துணிதற்கு முன் அக்குறி எம்மொழியில், எவ்வெழுத்து முறையில், யாருடைய கையில் பிறந்தது என ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரை. அதன் முடிவு தமிழில் எழுதும் நமக்கும் ஒரு பாடமாதலை இறுதியிற் காட்டுவாம்.

2. பெயரும் அதன் பொருளும்

'கிறித்து' என்பது இயற்பெயரன்று, சிறப்புப் பெயராகும். இயற்பெயர் இயேசு என்பதே. எண்ணெய் பூசுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியாகப் பிறந்தது 'கிறிஸ்தோஸ்' என்னும் சொல். அதற்கு 'எண்ணெய் பூசப்பெற்றவர்' என்பது பொருள். பண்டை யூதர்தம் மன்னரையும் குருமாரையும் எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்துதல் மரபு. அங்ஙனம் திருநிலை பெற்றவரை எபிரேய மொழி 'மாஷியாஹ்' என்னும். தமிழ் விவிலியத்தில் பயிலும் 'மேசியா' என்னும் சொல் அதன் வழிவந்ததே. யூத மறைநூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட காலத்தில் எபிரேயச் சொல்லுக்கு நேராக அமைந்தது 'கிறிஸ்தோஸ்'. எனவே, அச்சொல் மொழிபெயர்ப்பாகப் பிறந்து, பின்னர்ப் பெயராகவே நிலைபெற்றது எனக் கொள்க.

'மஸ்' என்னும் பிற்பகுதி, 'மிஸ்ஸா' என்னும் இலத்தீன் சொல்லின் வழியாக ஆங்கிலத்தில் அமைந்தது. கத்தோலிக்கர் 'திருப்பலி' என்றும், முன்னாளில் 'பூசை' என்றும் வழங்கும் வழிபாட்டைக் குறிப்பது. பழைய ஆங்கிலத்தில் இவை இரு சொற்களாகவே நின்று, 'கிறித்துவின் திருப்பலி' என ஆறாம் வேற்றுமைத் தொடராக வழங்கின. அத்தொடர் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்தில் காணப்படுகின்றது. காலப்போக்கில் இரு சொற்களும் ஒரு சொல்லாய் ஒன்றின.

ஆகவே, பெருநாட் பெயரின் முற்பகுதி கிரேக்கம்; பிற்பகுதி இலத்தீன்; இரண்டையும் இணைத்து ஒன்றாக்கியது ஆங்கிலம். இதனை நினைவிற் கொண்டாலன்றி, அம்முற்பகுதிக்கு ஈடாக நிற்கும் எழுத்து எம்மொழிக்கு உரியது என்பது விளங்காது.

3. ஒரு வடிவும் இரண்டு ஒலியும்

'கிறிஸ்தோஸ்' என்னும் சொல்லைக் கிரேக்கர் தம் எழுத்தில் எழுதுங்கால், முதலில் வருவது சாய்கோடுகள் இரண்டு வெட்டி நிற்கும் எழுத்தாகும். ஆங்கிலேயர் அதன் பெயரைக் 'கை' என ஒலிப்பர்; கிரேக்கர் ஒலிப்பு 'கீ' என்பதற்கு நெருங்கியது. 'கை' என்பது தமிழில் உறுப்பின் பெயராகலின், மயக்கம் நேராவண்ணம் ஈண்டு அதனைக் 'கீ' என்றே வழங்குவாம். பண்டைக் கிரேக்கத்தில் அதன் ஒலி, வடமொழியில் ககர வருக்கத்து இரண்டாம் எழுத்தாகிய மூச்சு மிக்க ககரத்தை ஒத்தது. பிற்காலத்தில் அது உரசி ஒலிக்கும் ஒலியாயிற்று. 'பகல்' என்னுமிடத்து நம் ககரம் நெகிழ்ந்து ஒலிப்பதனோடு அதனை ஏறத்தாழ ஒப்பிடலாம்.

அங்ஙனமாயின், அதே வடிவை ஆங்கிலத்தில் 'எக்ஸ்' என ஒலித்தல் எவ்வாறு வந்தது? இதற்கு விடை கிரேக்க எழுத்தின் தொல்வரலாற்றில் உள்ளது. தொடக்க காலத்தில் கிரேக்கர் அனைவரும் ஒரே நெடுங்கணக்கை வழங்கினாரல்லர். கிழக்குப் பகுதியினருள் அயோனியர் முதலியோர் இவ்வடிவை மூச்சு மிக்க ககரத்திற்கு வைத்தனர். மேற்குப் பகுதியினரோ அதே வடிவைக் ககர சகரக் கூட்டொலிக்கு வைத்தனர். கி.மு. 403 அளவில் ஏதென்சு நகரம் அயோனிய நெடுங்கணக்கை அரசு முறையாக ஏற்றது. பின்னர்க் கிரேக்க நாடு முழுவதிலும் அதுவே நிலைபெற்றது. இதற்கு மிக முன்னரே இத்தாலியில் குடியேறிய கிரேக்கர் மேற்கத்திய நெடுங்கணக்கைக் கொண்டு சென்றிருந்தனர். அவர்களிடமிருந்து எத்துருஸ்கரும், எத்துருஸ்கர் வழியே இலத்தீனரும் எழுத்தைப் பெற்றனர். ஆகலின், இலத்தீனில் அவ்வடிவின் ஒலி 'க்ஸ்' என்றாயிற்று. இலத்தீன் எழுத்தை ஏற்ற ஆங்கிலத்திலும் அவ்வொலியே நின்றது.

வடிவு ஒன்று, ஒலி இரண்டு. கிரேக்கத்தில் அது கீ. இலத்தீனில் அது எக்ஸ். நாம் ஆராயும் மயக்கம் அனைத்திற்கும் வேர் இதுவே.

கிரேக்க எழுத்தை அடியொற்றி அமைந்த சிரில்லிய எழுத்து இதற்குத் தக்க சான்றாகும். உருசிய மொழியில் இவ்வடிவு இன்றும் உரசொலியாகிய ககரத்தையே குறிக்கும். கிறித்துவின் பெயர் அம்மொழியில் அவ்வெழுத்தாலேயே தொடங்கும். உயிர்த்தெழுந்த பெருநாளில் உருசியர் முட்டைகளின் மீதும் அப்பங்களின் மீதும் இரண்டு எழுத்துகளைப் பொறிப்பர். 'கிறித்து உயிர்த்தெழுந்தார்' என்னும் பொருளுடைய தொடரின் முதலெழுத்துகள் அவை. அவற்றுள் முன்னது நாம் ஆராயும் வடிவே. பெயரின் முதலெழுத்தாக அதனை நாள்தோறும் எழுதும் அம்மக்களுக்கு அதில் பெயர் மறைந்ததாகத் தோன்றுதற்கு இடமில்லை.

4. திருப்பெயர்க் குறுக்கம்

கிறித்துவின் பெயரைக் குறுக்கி எழுதுதல் ஆங்கிலேயரோ அச்சகத்தாரோ தொடங்கிய வழக்கன்று. புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளிலேயே அது காணப்படுகின்றது. கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த பாப்பிரசுத் தாள்களிலும், 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற சினாய்ச் சுவடி, வாத்திக்கன் சுவடி முதலிய பெருஞ்சுவடிகளிலும் சில சொற்கள் மட்டும் குறுக்கி எழுதப்பெற்று, அவற்றின் தலைமேல் நெடுங்கோடு ஒன்று இடப்பெற்றுள்ளது. இறைவன், ஆண்டவர், இயேசு, கிறித்து என்னும் நான்கும் அவற்றுள் பழமையும் உறுதியும் உடையன. காலப்போக்கில் தந்தை, மகன், ஆவி, சிலுவை முதலியனவும் சேர்ந்து ஏறத்தாழப் 15 சொற்கள் இம்முறையில் எழுதப்பெற்றன. செருமானிய அறிஞர் லுட்விக் டிராபே என்பார் 1907இல் வெளிவந்த தம் நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்து, 'திருப்பெயர்கள்' என்னும் பொருளமைந்த இலத்தீன் தொடரால் குறித்தார். அப்பெயரே அறிஞரிடை வழங்கி வருகின்றது.

குறுக்கும் முறை பெரும்பாலும் இரண்டாம். சொல்லின் முதலெழுத்துகளை மட்டும் எழுதி எஞ்சியதை விடுதல் ஒன்று. முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் எழுதி இடையிலுள்ளவற்றை விடுதல் மற்றொன்று. முன்னதைத் தமிழ் இலக்கணம் கூறும் கடைக்குறையோடும், பின்னதை இடைக்குறையோடும் ஒப்பிடலாம். 'நீலம்' என்பது 'நீல்' என நிற்றல் கடைக்குறை. 'ஓந்தி' என்பது 'ஓதி' என நிற்றல் இடைக்குறை. ஆயினும், ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தமிழில் குறைந்த சொல் குறைந்தவாறே ஒலிக்கும். கிரேக்கச் சுவடியில் குறைவது எழுத்தே, ஒலி குறைவதில்லை. இரண்டெழுத்தைக் கண்ட வாசகர் முழுப்பெயரையே வாய்விட்டு ஓதுவர். இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

கிறித்துவின் பெயருக்கு இடைக்குறை முறையே மிகுதியும் வழங்கிற்று. முதலில் கீ, ஈற்றில் சகர ஒலியுடைய எழுத்து. கிரேக்கத்தில் வேற்றுமை ஏற்குங்கால் பெயரின் ஈறு மாறும். ஆகலின் எழுவாயாயின் ஓர் எழுத்தும், ஆறாம் வேற்றுமையாயின் பிறிதோர் எழுத்தும் ஈற்றில் நிற்கும். முதலெழுத்துப் பெயரைக் காட்டும். ஈற்றெழுத்து வேற்றுமையைக் காட்டும். எனவே, எழுத்துக் குறைந்தும் பொருள் குறையாத முறை இதுவாதல் காண்க.

இக்குறுக்கம் இடத்தையும் உழைப்பையும் சிக்கனம் செய்தற்கு எழுந்ததன்று என்பர் அறிஞர். அதற்குக் காரணங்கள் உள. விளிம்பு அகன்று, எழுத்துப் பெருத்து, தாளுக்குக் குறைவின்றி எழுதப்பெற்ற சுவடிகளிலும் இச்சொற்கள் குறுக்கப்பட்டுள்ளன. இவற்றினும் நீண்டு அடிக்கடி வரும் பொதுச்சொற்களோ அவ்வாறு குறுக்கப்படவில்லை. 'ஆண்டவர்' என்னும் பொருளுடைய சொல் மக்களுள் ஒரு தலைவனைச் சுட்டுமிடத்து முழுமையாகவும், இறைவனைச் சுட்டுமிடத்துக் குறுக்கமாகவும் எழுதப்படுதலும் உண்டு. எனவே, குறுக்கமும் தலைக்கோடும் அச்சொல்லைப் பிற சொற்களினின்று வேறுபடுத்தி உயர்த்திக் காட்டும் அடையாளங்கள் என்பது போதரும்.

யூத மரபிலும் இதற்கு ஒத்தது ஒன்று உண்டு. மறைநூலைக் கிரேக்கத்தில் எழுதிய யூத எழுத்தர் சிலர், இறைவனின் நான்கெழுத்துப் பெயரை மட்டும் கிரேக்க எழுத்தால் எழுதாது, பழைய எபிரேய எழுத்தாலேயே எழுதினர். ஏனைய சொற்களைப் போல அப்பெயரைக் கையாளுதல் கூடாது என்னும் அச்சமே காரணம். கிறித்தவ எழுத்தரின் குறுக்கமும் இம்மரபின் தொடர்புடையதாகலாம் எனக் கருதுவார் பலர்.

5. கீயும் ரோவும்

பெயரின் முதலெழுத்தோடு இரண்டாம் எழுத்தாகிய 'ரோ'வையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறித்த கூட்டெழுத்து மற்றொரு வடிவாகும். 'ரோ' ரகர ஒலி உடையது. ஆயின் அதன் வடிவு இலத்தீனில் பகரத்திற்குரிய 'பி' என்னும் எழுத்தை ஒத்தது. இக்கூட்டெழுத்தைக் கிறித்தவரே முதலிற் படைத்தனர் எனல் பொருந்தாது. எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமியின் காசுகளில், கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே, இது காணப்படுகின்றது. கிரேக்க எழுத்தரும் ஏட்டின் ஓரத்தில் 'பயனுள்ள பகுதி' எனக் குறித்தற்கு இதனை இட்டனர். 'பயனுள்ளது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் இவ்விரண்டு எழுத்துகளாலேயே தொடங்குவதாகும்.

கி.பி. 312இல் உரோமைக்கு அணித்தாகிய மில்வியப் பாலத்தருகே நிகழ்ந்த போரில் கான்ஸ்டன்டைன் வென்றான். அப்போரை ஒட்டி அவன் படை கிறித்துவின் அடையாளத்தைத் தாங்கிற்று என லாக்டான்சியஸ், யூசிபியஸ் என்னும் இருவரும் எழுதியுள்ளனர். நிகழ்ச்சியை உரைக்கும் முறையில் இருவரும் வேறுபடினும், கீ என்னும் வடிவு அவ்வடையாளத்தில் இடம்பெற்றமையை இருவர் கூற்றும் காட்டும். கி.பி. 315இல் வெளியிடப்பெற்ற வெள்ளிப் பதக்கமொன்றில் அரசனின் தலைச்சீராவின் மீது கீ–ரோ குறி பொறிக்கப்பட்டுள்ளது. அதன் பின்னர்க் காசுகளிலும் கல்லறைகளிலும் விளக்குகளிலும் அது பெருகிற்று. பேரரசன் தன் தலைமேற் சூடிய குறியில் இழிவு எதனையும் அக்காலத்தார் கண்டிலர்.

இக்குறியின் பெருமையை அறிய விழைவார் அயர்லாந்து நாட்டுக் கெல்ஸ் ஏட்டைக் காணல் வேண்டும். கி.பி. 800 அளவில் எழுதப்பெற்ற அந்நற்செய்தி ஏடு, டப்ளின் நகர டிரினிட்டி கல்லூரியில் உள்ளது. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், தலைமுறை வரிசை முடிந்து இயேசுவின் பிறப்பைக் கூறத் தொடங்கும் இடத்தில், ஏட்டின் ஒரு பக்கம் முழுவதும் கிறித்து என்னும் பெயரின் தொடக்க எழுத்துகளால் நிறைந்துள்ளது. கீ என்னும் எழுத்தின் ஒரு கால் பக்கத்தின் கீழ்ப்பகுதி வரை நீண்டு வளைந்து செல்கின்றது. சுருள்களும் முடிச்சுகளும் வட்டங்களும் அதனைச் சூழ, அவற்றினிடையே வானவரும் பூச்சிகளும் பூனைகளும் எலிகளும் நீர்நாயும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. எழுத்தோவியக்கலையின் உச்சங்களுள் ஒன்றாக அறிஞர் போற்றும் அப்பக்கம், பிறப்பை அறிவிக்கும் தொடருக்கே உரியதாய் அமைந்தமை நம் பொருளுக்கு இயைபுடையது. பிறப்புப் பெருநாளின் பெயரில் இன்று கண்டு வருந்தும் அவ்வெழுத்தே, பிறப்பைக் கூறும் வாசகத்தின் தலையில் அத்துணை அணியொடு நிற்கின்றது.

6. இலத்தீன் ஏடுகளினின்று ஆங்கிலத்திற்கு

இலத்தீன் எழுத்தர் கிறித்துவின் பெயரைத் தம் மொழியில் எழுதுங்காலும், அதன் கிரேக்கக் குறுக்கத்தை விடாது போற்றினர். கீயையும் ரோவையும் அவ்வடிவிலேயே வைத்து, வேற்றுமை காட்டும் ஈற்றெழுத்தை மட்டும் இலத்தீனில் இட்டனர். கிரேக்கம் அறியாதான் அதனை எழுத்துக்கூட்டிப் படிப்பின் பொருளற்ற ஒலியே பிறக்கும். எனினும் ஏடு பயின்றார் எவரும் அங்ஙனம் படித்திலர். வடிவு கண்ட அளவில் முழுப்பெயரையே ஓதினர். இயேசுவின் பெயர்க் குறுக்கத்திலும் இஃதே நிலை. அதன் இரண்டாம் எழுத்தாகிய கிரேக்க நெடில் ஏகாரம், வடிவில் இலத்தீன் ஹகரத்தை ஒத்திருந்தது. வரலாறு மறந்தபின், அம்மூன்றெழுத்தும் 'இயேசு, மாந்தரின் மீட்பர்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் எனப் புதுவிளக்கம் எழுந்தது. வடிவு நிலைத்து எழுத்தறிவு மறைந்தவிடத்து, புதுப்பொருள் புகுதல் இயல்பு என்பதற்கு இது சான்று.

இம்மரபே இங்கிலாந்தை அடைந்தது. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேட்டில், கி.பி. 1100 அளவில், பெருநாட் பெயரின் முற்பகுதி கீ–ரோ எழுத்துகளால் குறுக்கி எழுதப்பட்டுள்ளது. 1551இல் ரோ நீங்கிக் கீ மட்டும் நின்ற வடிவொன்று காணப்படுகின்றது. இன்று வழங்கும் வடிவு 18ஆம் நூற்றாண்டு மடல்களில் உண்டு. கோலரிட்ஜ் 1801இலும், பைரன் 1811இலும், லூயிஸ் கரோல் 1864இலும் இதனைக் கையாண்டுள்ளனர். பெருநாட் பெயரில் மட்டுமன்றிக் 'கிறித்தவர்', 'கிறிஸ்டோபர்' முதலிய சொற்களிலும் முற்பகுதியை இவ்வெழுத்தாற் குறித்தல் ஆங்கிலக் கையெழுத்து வழக்கில் உண்டு. லூயிஸ் கரோல் ஆங்கிலத் திருச்சபையில் திருநிலை பெற்றவர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. திருப்பணியாளர் தாமே எழுதிய குறுக்கத்தைச் சமயப்பகையின் விளைவு எனல் பொருந்துமாறில்லை.

7. மாறுபடு கருத்துகள்

இனி, இக்குறுக்கத்தைப் பற்றி வழங்கும் கருத்துகள் சிலவற்றை ஆராய்வாம்.

'அறியப்படாததைக் குறிக்கும் எழுத்தைப் பெயரின் இடத்தில் இட்டனர்' என்பது ஒன்று. அறியப்படாத அளவை இவ்வெழுத்தாற் குறிக்கும் கணித வழக்கு, டெக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவகணித நூலால் பரவியது. 1100 அளவிலும் 1551இலும் எழுதியவர்க்கு அவ்வழக்குத் தெரிந்திருத்தற்கு வழியில்லை. எனவே அக்கருத்துக் காலமுரண் உடையது.

'இவ்வெழுத்துச் சிலுவையின் வடிவம்' என்பது மற்றொன்று. இது பத்திமை மிக்க விளக்கம், பழமையும் உடையது. உலக உயிரைப் படைத்தோன் அதனைக் கீ வடிவில் பொருத்தினான் எனப் பிளேட்டோ கூறியதனை, 2ஆம் நூற்றாண்டினராகிய ஜஸ்டின் சிலுவையின் முன்னறிவிப்பாகக் கொண்டார். ஆயினும், குறுக்கத்தில் இவ்வெழுத்து நிற்பதற்குக் காரணம் அது பெயரின் முதலெழுத்தாதலே. சிலுவை என்னும் கருத்துப் பின்னர் அதன்மேல் ஏறியது எனக் கொள்ளுதல் தகும்.

'வணிகரும் சமயப்பற்று அற்றோரும் வேண்டுமென்றே பெயரை நீக்கினர்' என்பது மூன்றாவது. அமெரிக்க நாட்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஆளுநராயிருந்த மெல்டிரிம் தாம்சன், 1977இல், பெருநாட் பெயரில் கிறித்துவை விடாது எழுதுக எனச் செய்தியாளரை வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோள் பலர் உள்ளத்தைக் காட்டுவது. எனினும் வணிக விளம்பரம் தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே துறவியர் எழுதிய குறுக்கம் இது என்பதை மேலே கண்டோம்.

இங்ஙனம் மூன்றையும் மறுத்த பின்னும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சி நேர்மையாகாது. ஒரு குறியின் பிறப்பு வேறு. அதன் இன்றைய வழக்கு வேறு. பண்டை எழுத்தர் கீயைக் கண்டு முழுப்பெயரை ஓதினர். இன்றையோர் பலர் அதனை இலத்தீன் எழுத்தாகக் கொண்டு 'எக்ஸ்' எனவே ஒலிக்கின்றனர். ஒலிக்குங்கால் பெயர் உண்மையிலேயே மறைகின்றது. ஆகலின் வருந்துவோர் வருந்துதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் எழுத்தில் இல்லை, படிப்பில் உள்ளது. எழுதுபவர் பெயரை நீக்கினாரல்லர். படிப்பவர் அதனை மீட்டெடுக்கும் முறையை மறந்தனர்.

ஆங்கிலத்திலேயே இதற்கு ஒத்த நிகழ்ச்சி பிறிதொன்று உண்டு. அம்மொழியின் சுட்டுச்சொல்லின் முதலொலிக்கு முன்னாளில் தனியெழுத்து ஒன்று இருந்தது. கையெழுத்தில் அது யகர ஒலியுடைய எழுத்தைப் போலத் தோன்றலாயிற்று. அச்சகத்தாரும் யகர எழுத்தையே அதற்கு ஈடாக இட்டனர். இன்று பழமை தோன்றப் பெயரிட விழையும் கடைக்காரர் அச்சொல்லை 'யீ' என ஒலிக்கின்றனர். முன்னோர் எவரும் அங்ஙனம் ஒலித்திலர்.

8. தமிழ் வழக்கு

எழுத்திற் குறுக்கி ஒலியில் நிரப்புதல் தமிழர்க்குப் புதிதன்று. நாளை ௳ எனவும், திங்களை ௴ எனவும், ஆண்டை ௵ எனவும், உரூபாவை ௹ எனவும், மேற்படியை ௸ எனவும் நம் முன்னோர் ஓலையிலும் கணக்கேட்டிலும் எழுதினர். படிப்பவர் குறியைக் கண்டு சொல்லை முழுமையாக ஒலித்தனர். இக்குறிகளை அறியாத இளைஞர் பழைய ஆவணங்களைப் படிக்க இயலாது இடர்ப்படுதலை யாம் நேரிற் கண்டுள்ளோம். எழுத்து அங்கேயே உள்ளது; படிப்பே அற்றுப்போயிற்று.

இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. ஆண்டைக் குறிக்குங்கால் 'கி.மு.' எனவும் 'கி.பி.' எனவும் எழுதுகின்றோம். அவற்றில் 'கி' என்பது கிறித்துவின் பெயருக்குத் தமிழில் அமைந்த முதலெழுத்து. கிரேக்கர் கீ இட்ட முறை யாதோ, அம்முறையே இது. இக்கட்டுரையிலும் யாம் அதனைப் பன்முறை எழுதியுள்ளோம். படித்தவர் எவரும் அங்குப் பெயர் அழிக்கப்பட்டதாகக் கருதியிரார். காலக்கணக்கைச் சமயச் சார்பின்றிக் குறிக்க விழைவோர் இந்நாளில் 'பொது ஆண்டு' என்பதன் குறுக்கமாகப் 'பொ.ஆ.' என எழுதுகின்றனர். அவர் 'கி' என்னும் எழுத்தையே மாற்றுதல் கருதத்தக்கது. முதலெழுத்து நிற்குமளவும் பெயர் நிற்கின்றது என்பது அதனைப் போற்றுவோர்க்கும், வேறு முறை நாடுவோர்க்கும் ஒப்ப முடிந்ததே.

ஆயின், தமிழில் 'எக்ஸ்மஸ்' என எழுதுதல் தகுமா? தகாது என்பதே எம் துணிபு. ஆங்கிலத்தில் அவ்வடிவு இரு படிப்புக்கும் இடந்தரும். அறிந்தார் அதனைக் கீ எனக் கொண்டு முழுப்பெயரை ஒலிக்கலாம். அறியாதார் எக்ஸ் எனலாம். தமிழெழுத்தில் அவ்விருமை இல்லை. ஒலியை எழுதுவது தமிழெழுத்து. 'எக்ஸ்' எனத் தமிழில் எழுதிய அளவிலேயே, பிழைப்படிப்பை நிலைநிறுத்தி, மெய்ப்படிப்பின் வாயிலை அடைத்துவிடுகின்றோம். கீயின் வடிவும் அங்கு இல்லை. பெயரின் ஒலியும் அங்கு இல்லை. ஆங்கிலத்தில் மறைந்தும் நிற்கும் பெயர், தமிழில் அடியோடு நீங்கிவிடுகின்றது. எனவே தமிழில் எழுதுவோர் 'கிறித்துமசு' என்றோ, 'கிறிஸ்துமஸ்' என்றோ, 'கிறித்து பிறப்புப் பெருநாள்' என்றோ முழுமையாக எழுதுதலே முறை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பெருநாட் பெயரின் குறுக்கத்தில் நிற்பது இலத்தீன் எக்ஸ் அன்று. கிறித்து என்னும் பெயரின் முதலெழுத்தாகிய கிரேக்கக் கீ. அதனைக் குறுக்கி எழுதுதல் பழங்கிரேக்கச் சுவடிகளிற் போற்றுதற்பொருட்டு எழுந்த மரபின் வழியது. ஒரே வடிவு இரு நெடுங்கணக்கில் இரு வேறு ஒலி பெற்றமையாலும், கிரேக்க எழுத்தறிவு பொதுமக்களிடை அருகியமையாலும் மயக்கம் நேர்ந்தது. ஆங்கிலத்தில் அதனை எழுதுவாரைக் குறை கூறுதற்கு இடமில்லை. தமிழில் அதனை ஒலிபெயர்த்தல் ஏற்புடையதன்று.

இவற்றை அம்மாணவர்க்குக் கூறி, கெல்ஸ் ஏட்டுப் பக்கத்தின் படியொன்றையும் கொடுத்தனுப்பினேம். பாட்டனார் அதனை நெடுநேரம் நோக்கியிருந்து, மடல் விடுத்தவருக்கு மறுமொழி எழுதுமாறு பெயரனைப் பணித்தார் எனப் பின்னர் அறிந்தேம். அம்மறுமொழியில் பெருநாளின் பெயரை முழுமையாகவே எழுதுக என்றும் கூறினாராம். அவர் கூறியதே எம் கருத்துமாம்.